பின்கட்டு ஜன்னல்கள்

11

காலை ஏழு மணிக்குள் இரண்டு டிரில் பிட் ஒடிந்துவிட்டன. மூன்றாவது மழுங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பின்கட்டில், ஐந்தாம் அறையில், ஜன்னலுக்குக் கீழே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தவர் முழங்கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். முகக்கவசம் தாடைக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. காலொடிந்த பெஞ்சிலிருந்து ஒழுகுகிற குழாய்வரை அந்தப் பள்ளியில் எல்லாவற்றையும் சரிசெய்கிற ஆள் அவர். எல்லோருக்கும் அவர் திருகாணி. அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்ததே இந்த ஜன்னல்கள்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் பின்பக்கச் சாலையில் ஜல்லி லாரிகள் ஓட ஆரம்பித்தன. பெஞ்சில் புழுதி, நோட்டில் புழுதி, பிள்ளைகள் துப்புகிற எச்சிலிலும் புழுதி. சாலைப்பக்க ஜன்னல்களை அடைத்துவிடச் சொன்னார்கள். வேறொரு ஆளாக இருந்தால் ஜன்னலுக்கு இரண்டு ஆணி அடித்துவிட்டுப் போயிருப்பான். இவருக்கு அரைகுறை வேலை ஆகாது. ஜன்னலுக்கு ஆறு வீதம், விரல் நீளத் திருகாணி. துருப்பிடிக்கக் கூடாது, ஆடவும் கூடாது என்று ஒவ்வொன்றையும் பெயின்டில் முக்கி எடுத்து முடுக்கினார். திருகாணித் தலைக்குமேல் மக்குப் பசை அப்பித் தேய்த்து, பச்சை பெயின்ட் இரண்டு கோட். எங்கே திருகாணி இருக்கிறது என்று கையால் தடவினால்கூடத் தெரியாது.

"நான் செத்தாலும் இது கழலாது" என்று அன்றைக்குச் சொன்னார்.

சொன்ன வாக்குத் தப்பவில்லை. கழலவில்லை.

தொற்றுநோயால் பதினேழு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற பள்ளியைத் திங்கட்கிழமை திறக்கலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனை. எல்லா வகுப்பறையிலும் இரண்டு பக்க ஜன்னலும் திறக்க வேண்டும், காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போக வேண்டும். அப்படித் திறக்கிறது என்று வேலை பார்க்கிற ஆள் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். பின்கட்டில் ஏழு அறை. ஒன்பது நாளாக மாரடித்ததில் நான்கு அறை முடிந்திருந்தது. மூன்று பாக்கி. ஆறு ஜன்னல், முப்பத்தாறு திருகாணி.

நேற்று பொறுமை இழந்து கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்தார். நிலை அசையவில்லை. நிலையைப் பிடித்திருந்த சுவர்தான் ஒரு கூடை அளவுக்குப் பெயர்ந்து கீழே விழுந்தது. தலைமையாசிரியை ஓடிவந்து பார்த்துவிட்டு, ஜன்னல் திறக்கிறதோ இல்லையோ, சுவர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது பிட்டும் ஒடிந்தது.

*

வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி, மகளின் பள்ளிச் சட்டையைப் பிரித்துத் தோள்பக்கம் துணி சேர்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு மாதத்தில் பெண் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தாள். பள்ளி இறுதி வகுப்பு. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள்.

சிட்டு அந்த நேரத்தில் சலவைத் தொழிற்கூடத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். அவற்றைப் பிரித்து, உதறி, பிளீச்சிங் தொட்டியில் அமுக்குவது அவள் வேலை. பள்ளி திறக்கும்வரைக்கும் என்று போனவள். போன வாரம் அந்தத் தொழிற்கூடத்துக் கான்ட்ராக்டர் வீடு தேடி வந்து, வாசலில் நின்றபடியே சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேறு நகரத்தில் பெரிய தொழிற்கூடம், தங்க இடம், சாப்பாடு, திங்கட்கிழமை காலை பஸ். வருகிற பெண்கள் வரலாம். வராதவர்களுக்கு இங்கேயும் வேலை இருக்காது.

பள்ளி திறந்தால் அனுப்பமாட்டோம், திறக்காவிட்டால் அனுப்புகிறோம் என்று அவருக்குப் பதில் சொன்னது சிட்டுவின் அம்மாதான். அதைச் சொன்ன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது வாசலில் அவளுடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு வீடு தள்ளி வீடு. இருபது வருடமாகச் சர்க்கரை, தினம் இரண்டு வேளை ஊசி. ஆசிரியர் அறையில் அவரும் அறிவியல் வாத்தியாரும் ஒரே மேஜையைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள். அந்த அறிவியல் வாத்தியார் முதல் அலையிலேயே போய்விட்டார். அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு இன்னும் மேஜைமேல் இருக்கிறது. எடுத்துவைக்க யாருக்கும் கை வரவில்லை.

இன்று மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம். திறக்கக் கூடாது என்று பேசப்போகிறவர்களில் முதல் ஆள் வாத்தியார்தான். அதைத் தங்கையிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட வந்திருந்தார். அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ பேசுண்ணா. உனக்குச் சம்பளம் வருது, வீட்ல உக்காந்து பேசலாம்."

"உயிரோட இருந்தாத்தான் படிப்பும்மா."

"ரெண்டே மாசம்னுதான் என்னையும் நூல் மில்லுக்கு அனுப்பினாங்க. ஏழாவது படிச்சிக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசம் போய் இருபத்தாறு வருஷம் ஆச்சு. நீ அப்ப காலேஜ்ல இருந்தே, உனக்கு ஞாபகம் இருக்காது."

வாத்தியார் படிக்கத்தான் அவள் மில்லுக்குப் போனாள். இரண்டு பேருக்கும் அது தெரியும். இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொல்லிக்காட்டியது இதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துத்தான் திருகாணி புது பிட் எடுக்க வீட்டுக்குள் நுழைந்தார். தலைமுடியெல்லாம் பச்சைப் பெயின்ட் தூள்.

"என்ன மாப்ள, ஜன்னல் என்ன சொல்லுது?"

"ஒவ்வொண்ணா பேச ஆரம்பிச்சிருக்கு மச்சான்."

"எனக்குப் போட்டிருக்கிறது பின்கட்டு ஏழாம் ரூம். அது தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையை ஆட்டினார். ஏழாம் அறை ஜன்னலில் அவர் இன்னும் கைகூட வைக்கவில்லை. சிட்டுவின் வகுப்பும் அதே அறையில்தான்.

*

மதியம் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருந்தது. சுகாதார அதிகாரி பத்து மணிக்கே வந்து முன்கட்டைச் சுற்றிப் பார்த்திருந்தார். பின்கட்டுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. பூட்டிக் கிடந்த அறைக்குள் காற்று எப்படியிருக்குமோ என்று அவருக்கே பயம்.

மூன்று அறை பாக்கி என்று திருகாணி உள்ளதைச் சொன்னார். அந்த மூன்றை விட்டுவிட்டு மற்றதைத் திறந்தால் என்ன என்றும் கேட்டுப் பார்த்தார். இடைவெளி விட்டு உட்காரவைக்க ஒவ்வொரு வகுப்பையும் இரண்டாகப் பிரித்தாகிவிட்டது, ஓர் அறை குறைந்தாலும் இறுதி வகுப்புக்கு இடமில்லை என்றார் அந்த அம்மா. திறந்தால் முழுப் பள்ளி, இல்லாவிட்டால் ஆறு வாரம் தள்ளி மறுபடி பரிசீலனை.

அவர் கெட்ட மனுஷி இல்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். எழுபத்தொரு பெயர். போன் எடுக்காத வீடுகள், காலிசெய்துவிட்டுப் போன வீடுகள். இரண்டு பெண்களின் பெயருக்கு எதிரே கல்யாணம் என்று எழுதியிருந்தது. ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது.

"இன்னும் ஆறு வாரம் போச்சுன்னா இந்த நோட்டு பத்தாது. சனி, ஞாயிறு ரெண்டு நாள் முழுசா இருக்கு உங்களுக்கு. முடிச்சிரமாட்டீங்களா?"

திருகாணி மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தாறு திருகாணி. விடியற்காலையில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்குப் பதினெட்டு. விரல் தேய்ந்தாலும் முடித்துவிடலாம். அப்படியென்றால் இது பொய் இல்லை. இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட்ட உண்மை.

கூட்டத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

*

விளையாட்டு மைதானத்தில் அவரே சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்கு ஓர் ஆள். வந்தவர்கள் ஐந்து நிமிடம் வட்டத்துக்குள் நின்றார்கள். பிறகு வட்டம் இருந்த இடத்தில் இருந்தது, ஜனம் மொத்தமாக மேஜையைச் சுற்றி இருந்தது.

முதலில் பேசியவள் ஒரு நர்ஸ். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். முகக்கவசத்தின் நாடா கன்னத்தில் கோடு கிழித்திருந்தது. போன வாரம் தன் வார்டில் எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லமாட்டேன், சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது, எனக்குத்தான் வருவதில்லை, நீங்களாவது தூங்குங்கள் என்றாள். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நிற்கத் தெம்பில்லை.

அடுத்து ஒரு லாரி டிரைவர். தன் பையன் போனில் பாடம் படிக்கிறான் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாராம். போன மாதம் ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு, சார்ஜ் இல்லப்பா என்று பதில் சொன்னானாம். கூட்டம் சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை.

இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், சந்தை திறந்திருக்கிறது, சாராயக் கடை திறந்திருக்கிறது, கிருமி பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் பாடம் படிக்க வருமா என்று கேட்டார். கடையில் வருகிறவன் இரண்டு நிமிடத்தில் போய்விடுவான், வகுப்பில் ஆறு மணி நேரம் உட்காரவேண்டும் என்று யாரோ பதில் சொன்னார்கள். பிறகு நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் பிள்ளைக்குப் பாட்டன் இருக்கிறான், யார் வீட்டில் ஓர் அறைதான் என்று பேச்சு அடுப்படிவரை போனது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து சிட்டுவின் அம்மா பேசினாள். அவள் இதுவரை கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

"வீட்ல இருந்தா பிள்ளைங்களுக்குப் பாதுகாப்புன்னு சொல்றீங்க. எந்தப் பிள்ளை வீட்ல இருக்கு? என் பொண்ணு ஆஸ்பத்திரித் துணி துவைக்குது. நோயாளி படுத்த துணி. பக்கத்து வீட்டுப் பொண்ணும் அங்கதான். வீட்ல இருக்கிற பிள்ளைங்களைப் பத்தி நீங்க பேசிக்குங்க. எங்க பிள்ளைங்களுக்கு எந்த வாசல் நல்ல வாசல்னு மட்டும் சொல்லுங்க."

கீழே உட்கார்ந்திருந்த நர்ஸ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

எல்லோரும் கணக்கு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரமாகத் திறக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர். கையில் எழுதிவைத்திருந்த தாளைப் பிரித்தார். பார்த்தார். மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் பேச வந்ததைப் பேசல. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அதையும் என் மாப்பிள்ளைகிட்ட." மைதானத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு வாளியோடு நின்றவரைப் பார்த்தார். "பின்கட்டு ஜன்னல் எல்லாம் திறக்குதா?"

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். வாத்தியார் கையை உயர்த்தி அடக்கினார்.

"இந்த ஆள் என் தங்கையைக் கட்டினவர்ங்கிறதுக்காகச் சொல்லல. வேலையில இவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. என் வீட்டுக் கதவு இவர் போட்டது, பதினெட்டு வருஷமா ஒரு சத்தம் கிடையாது. ஜன்னல் திறக்குதுன்னு இவர் சொன்னா நான் திங்கட்கிழமை அந்த ரூமுக்குப் போறேன். திறக்கலன்னா, மன்னிச்சிருங்க."

திருகாணி தன் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் முகம் தெரிந்தது.

"திறக்குது மச்சான்."

"ஏழாம் ரூம்?"

"திறக்குது."

வாத்தியார் தலையசைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவர் கையைப் பார்த்துப் பத்து கை எழுந்தது, பத்தைப் பார்த்து நூறு. நர்ஸ் கையைத் தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. திருகாணி மேஜைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். சுண்ணாம்புக் கை, தாளில் அவருடைய கட்டைவிரல் வெள்ளையாகப் பதிந்தது.

தாளை வாங்கிக்கொண்ட சுகாதார அதிகாரி, போகிறபோக்கில், ஒரு சின்னச் சமாச்சாரம் சொல்வதுபோல அதைச் சொன்னார். இப்போதே மருந்து அடிக்கிறவர்கள் வருகிறார்கள். அடித்து முடித்ததும் கட்டடத்துக்குச் சீல். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவரே வந்து பிரிப்பார். அதுவரைக்கும் ஈ காக்கை உள்ளே போகக் கூடாது. சாவி?

திருகாணி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். ஒரு டிரில்லும் இரண்டு பழைய பிட்டும் ஐந்தாம் அறையிலேயே கிடந்தன. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. கொத்தைக் கொடுத்தார்.

*

பொழுது சாயும்போது சிட்டு வந்தாள். வழியிலேயே சேதி தெரிந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். வாசல் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் தோல் வெள்ளையாக வெந்து உரிந்திருந்தது.

"கான்ட்ராக்டர் மூஞ்சியைப் பார்க்கணுமேப்பா. வரலைன்னு சொன்னேன், பஸ்ஸையே நான் முழுங்கிட்ட மாதிரி பார்க்கிறாரு."

அம்மா சட்டையை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அம்மா சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று திருகாணி யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

"தலை மட்டும் கொஞ்சம் பாரமா இருக்கும்மா. காலையிலேர்ந்து நிக்கிறேன்ல. ஆனா ஒண்ணு, அந்த பிளீச்சிங் வாடை இருக்கே, ரெண்டு நாளா மூக்குக்கே தெரியல. பழகிப்போச்சு போல. முன்ன வாந்தி வரும். இப்ப சுத்தமா ஒண்ணுமில்ல."

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். காதில் வாங்கவில்லை.

திருகாணி மூலையிலிருந்த தன் சாமான் பெட்டியைத் திறந்து, டர்பன்டைன் டப்பாவை எடுத்தார். பெயின்ட் கழுவுகிற எண்ணெய். மூடியைத் திறந்தால் தெருமுனைவரை மூக்கைத் துளைக்கும். மூடியைத் திருகித் திறந்தார். அவருக்கே கண் எரிந்தது. டப்பாவை மகளின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"இது என்னன்னு சொல்லு பார்ப்போம். கண்ணை மூடிக்கிட்டு."

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். கண்ணை மூடி, நன்றாக இழுத்து மோந்தாள். இன்னொரு தடவை மோந்தாள்.

"என்னப்பா இது. தண்ணியா?"

மெஷின் நின்றது. அறை முழுக்க டர்பன்டைன் நெடி. அம்மா கையில் ஊசியைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள். அவள் பார்வை டப்பாவுக்குப் போனது, மகளுக்குப் போனது, புருஷனிடம் வந்து நின்றது.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். சிட்டு படிக்கத் தோதாகப் பழைய கணக்குப் புத்தகங்களைத் தேடி எடுத்து வைத்திருப்பதாக வாத்தியார் கூட்டம் கலையும்போதே சொல்லியிருந்தார். மாமா என்று மகள் எழுந்தாள்.

"நீ அங்கேயே இரு" என்றார் திருகாணி. அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. அப்படியே உட்கார்ந்தாள்.

வெளியிலிருந்து கதவைத் தள்ளினார்கள். அவர் உள்ளிருந்து உள்ளங்கையை வைத்துக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் தடவை தள்ளினார்கள்.

"என்ன மாப்ள" என்றது வெளியே வாத்தியாரின் குரல், இன்றைக்குத்தான் கொஞ்சம் லேசாக, சிரிப்போடு. "ஜன்னலைத் திறந்துட்டு கதவுக்குத் திருகாணி போட்டுட்டீங்களா?"

திருகாணி நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டார். இதுவும் அவர் போட்ட கதவுதான். ஒரு சத்தம் கிடையாது.

"மச்சான். உள்ள வராதீங்க. நாலடி தள்ளி நில்லுங்க. உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்."

வெளியே செருப்பை மறுபடி மாட்டுகிற சத்தம் கேட்டது. ஓரடி, ஈரடி பின்னால் போகிற சத்தம்.

முதல் விஷயம் மகளைப் பற்றியது. அதை எப்படியும் சொல்லிவிடலாம். அதைக் கேட்டால் யாரும் அவரைக் காறித் துப்பமாட்டார்கள்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் வாத்தியார்.

திருகாணி இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தார்.